சுவருக்குள் ஸ்பீக்கர்: இடம் பார்ப்பதும் வயர் இழுப்பதும்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நம்மில் பெரும்பாலானோர் மேஜை மீது இரண்டு சிறிய ஸ்பீக்கர்களை வைத்துப் பாட்டுக் கேட்கத் தொடங்குகிறோம். சில மாதங்களில் அந்தச் சத்தம் போதவில்லை என்று தோன்றும். பெரிய ஸ்பீக்கர் வாங்கினால் வயர்கள் தரையெங்கும் ஓடும். அந்த நேரத்தில் வீடு கட்டுகிறவராகவோ, பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவராகவோ இருந்தால், "சுவருக்குள்ளேயே ஸ்பீக்கரைப் பதித்துவிட்டால் என்ன?" என்ற ஆசை வரும்.

எனக்கும் வந்தது. 2021-ல் கும்பகோணத்தில் எங்கள் வீட்டைக் கட்டியபோது, ஹாலில் ஸ்பீக்கர் பதிக்கும் வேலையை நானே பொறுப்பேற்றுச் செய்தேன். பொறியியல் படித்தவன், சாப்ட்வேர் வேலையில் இருப்பவன் என்ற நம்பிக்கையில் அப்பாவும் விட்டுவிட்டார். இரண்டு பெரிய தவறுகள் செய்தேன். 2024-ல் திருச்சியில் அக்கா வீடு கட்டியபோது அவற்றைத் திருத்திக்கொண்டேன். அந்த அனுபவத்தில் கற்றவற்றை இங்கே வரிசையாகப் பார்க்கலாம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பூச்சு வேலை முடிந்த பிறகு சுவருக்குள் இருக்கும் பைப்பை மாற்ற முடியாது. எனவே முடிவு செய்யும் வரிசை இதுதான்: முதலில் நாற்காலி, அடுத்து ஸ்பீக்கர், கடைசியில் வயர். நான் இதைத் தலைகீழாகச் செய்தேன்.

நம் சுவரும் அமெரிக்கச் சுவரும்

சுவரில் பதிக்கும் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் அமெரிக்க வீடுகளை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. அங்கே உள் சுவர் என்பது மரச் சட்டங்களின் மீது ஜிப்சம் பலகை அடித்தது. சட்டங்களுக்கு இடையில் காலி இடம் இருக்கும். பலகையில் ஓட்டை போட்டு ஸ்பீக்கரைப் பொருத்தினால், பின்னால் உள்ள அந்தக் காலி இடமே பெட்டி போல வேலை செய்யும்.

நம் சுவர் செங்கல். பின்னால் காலி இடம் கிடையாது. குழி வெட்டி ஸ்பீக்கரை அப்படியே வைத்தால் கூம்பு அசையப் போதிய காற்று இருக்காது. பாஸ் ஒலி வராது. மேலும் செங்கல் தூசியும் ஈரமும் ஸ்பீக்கருக்குள் போகும். எனவே ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒரு மூடிய பெட்டி கட்டாயம் தேவை. சில நிறுவனங்கள் இதற்கென்றே பெட்டி விற்கின்றன. இல்லையென்றால், ஸ்பீக்கருடன் வரும் குறிப்பேட்டில் சொல்லியுள்ள கொள்ளளவுக்கு ஏற்ப ஆசாரியிடம் பிளைவுட் பெட்டி செய்து வாங்கலாம்.

இங்கே கவனிக்க வேண்டியவை:

1. இத்தகைய ஸ்பீக்கர்களுக்குப் பொதுவாக 3 முதல் 4 அங்குல ஆழம் தேவைப்படும். ஒன்பது அங்குலச் சுவரில் இதற்கு இடம் உண்டு. நாலரை அங்குலத் தடுப்புச் சுவரில் வேண்டாம். குழிக்குப் பின்னால் மெல்லிய பூச்சு மட்டும்தான் மிஞ்சும். சத்தம் அடுத்த அறைக்குப் போகும்.

2. கான்கிரீட் தூண், பீம், லிண்டல் ஆகியவற்றை எக்காரணம் கொண்டும் வெட்டக் கூடாது. எங்கே தூண் இருக்கிறது என்பதை மேஸ்திரியிடம் கேட்டு வரைபடத்தில் குறித்துக் கொள்ளவும்.

3. மழைச் சாரல் அடிக்கும் வெளிச் சுவரையும் குளியலறையை ஒட்டிய சுவரையும் தவிர்க்கவும். ஈரம் ஸ்பீக்கருக்கு எதிரி.

4. மெல்லிய சுவரில் படுக்கைவாட்டில் நீளமாகக் காடி வெட்டினால் சுவர் பலவீனமாகும். பைப்பை நேராகக் கீழே இறக்கி, தரை வழியாகக் கொண்டு செல்வது நல்லது.

உங்களுக்கு நாலரை அங்குலச் சுவர்தான் என்றால் கவலை வேண்டாம். பைப்பும் வயரும் மட்டும் சுவருக்குள் இருக்கட்டும். சுவரின் மேல் மாட்டும் மெல்லிய ஸ்பீக்கரை வாங்கிக் கொள்ளலாம். வயர் கண்ணுக்குத் தெரியாது.

முதலில் நாற்காலி

ஸ்டீரியோ இசையில் இடது, வலது என இரண்டு ஒலித் தடங்கள் உள்ளன. இரண்டும் சம நேரத்தில், சம அளவில் காதுக்கு வந்தால்தான் பாடுகிறவர் நடுவில் நின்று பாடுவது போல இருக்கும். இதற்கு எளிய வழி சமபக்க முக்கோணம். நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கரும் 8 அடி தூரத்தில் இருந்தால், இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இடையிலும் 8 அடி இருக்க வேண்டும்.

5.1 அமைப்பு என்றால் மேலும் மூன்று ஸ்பீக்கர்களும் ஒரு சப் வூஃபரும் சேரும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.எஸ். 775 என்ற பரிந்துரைப்படி, முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 30 டிகிரியில் இருக்க வேண்டும். நான் மேலே சொன்ன முக்கோணத்தில் இந்த 30 டிகிரி தானாகவே வந்துவிடும். சென்டர் ஸ்பீக்கர் நேர் எதிரே இருக்கும். சரவுண்ட் ஸ்பீக்கர்கள் 100 முதல் 120 டிகிரிக்குள் அமைய வேண்டும். அதாவது உட்காருகிறவரின் காதுக்குச் சற்றே பின்னால்.

உயரமும் முக்கியம். உயர் ஒலிகளைத் தரும் ட்வீட்டர், நாம் உட்கார்ந்திருக்கும்போது காது இருக்கும் உயரத்தில் வர வேண்டும். சோபாவில் இது தரையிலிருந்து ஏறத்தாழ 3 முதல் மூன்றரை அடி. பார்வைக்கு அழகாக இருக்கும் என்று 7 அடி உயரத்தில் பதித்தால், தலைக்கு மேல் பாடுவது போலத்தான் கேட்கும்.

சுவரின் மூலையிலிருந்து குறைந்தது 2 அடியாவது தள்ளி வைக்கவும். மூலையில் பாஸ் ஒலி திரண்டு, பாட்டு முழுவதும் 'தொம் தொம்' என்று கேட்கும்.

என் முதல் தவறு இங்கேதான். ஹாலின் நடுவில் சோபா வரும் என்று நானே காகிதத்தில் வரைந்து, அதற்கேற்ப இரண்டு ஸ்பீக்கர்களைப் பதித்தேன். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த வீட்டில் அதிக நேரம் பாட்டுக் கேட்கப் போகிறவர் அப்பா. அவர் சோபாவில் உட்கார மாட்டார். ஜன்னல் ஓரம் சாய்வு நாற்காலிதான் அவருக்கு. அந்த நாற்காலியிலிருந்து வலது ஸ்பீக்கர் சுமார் 4 அடி. இடது ஸ்பீக்கர் சுமார் 12 அடி. அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அக்கா வீட்டில் இந்தத் தவறு நடக்கவில்லை. பூச்சு வேலைக்கு முன்பே எல்லோரையும் அழைத்துப் போய், பிளாஸ்டிக் நாற்காலிகளை ஹாலில் போட்டு, "தினமும் எங்கே உட்காருவீர்கள்?" என்று கேட்டேன். மாமா ஓரிடம் காட்டினார். அக்கா வேறோர் இடம் காட்டினாள். இரண்டுக்கும் நடுவில் புள்ளி வைத்து, அங்கிருந்து நூல் பிடித்துச் சுவரில் சாக்பீஸால் குறித்தோம். செலவு இல்லை. அரை மணி நேர வேலைதான்.

எந்த அளவு வயர்?

கடையில் 'ஸ்பீக்கர் வயர்' என்று கேட்டால் தலைமுடி போன்ற மெல்லிய வயரைக் கொடுத்துவிடுவார்கள். நீண்ட தூரத்திற்கு அது உதவாது. வயரின் மின்தடை, ஸ்பீக்கரின் ஓம் அளவில் 5 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக் கொள்வது நல்ல வழக்கம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 ஓம், 4 ஓம் ஸ்பீக்கருக்கு 0.2 ஓம் வரை இருக்கலாம்.

ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர் 10 மீட்டர் தூரம் என்று வைத்துக் கொள்வோம். மின்சாரம் போக 10, திரும்ப 10 என மொத்தம் 20 மீட்டர் தாமிரம். அதன் மின்தடை ஏறத்தாழ:

0.5 சதுர மி.மீ. வயர்: 0.69 ஓம்
1.0 சதுர மி.மீ. வயர்: 0.34 ஓம்
1.5 சதுர மி.மீ. வயர்: 0.23 ஓம்
2.5 சதுர மி.மீ. வயர்: 0.14 ஓம்

8 ஓம் ஸ்பீக்கருக்கு 1.5 போதும். 4 ஓம் என்றால் 2.5 எடுக்கவும். நாளை எந்த ஸ்பீக்கர் வரும் என்று தெரியாததால், சுவருக்குள் போவது 2.5 ஆகவே இருக்கட்டும் என்பது என் கருத்து. பல இழைகள் கொண்ட தூய தாமிர வயர் வாங்கவும். அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசிய வயர்களும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றின் மின்தடை அதிகம்.

வீட்டு லைட்டுக்குப் போடும் சாதாரண வயரையே ஸ்பீக்கருக்கும் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். மின்சாரக் கணக்கில் சரிதான். ஆனால் பத்து வருடம் கழித்து வரும் எலக்ட்ரீஷியன் அதை லைட் வயர் என்று நினைத்து 230 வோல்ட்டை இணைத்துவிடலாம். எனவே பார்த்தவுடன் வேறுபாடு தெரியும் ஸ்பீக்கர் வயரையே பயன்படுத்தவும். இரு முனைகளிலும் 'முன் இடது', 'முன் வலது' என எழுதி ஒட்டவும். அதே காரணத்தால், சுவரில் ஸ்பீக்கர் இணைப்புக்கு சாதாரண இரண்டு பின் சாக்கெட்டைப் பொருத்தாதீர்கள். குழந்தை ஒரு நாள் ஸ்பீக்கர் பிளக்கைக் கரண்ட் சாக்கெட்டில் சொருகிவிடும். சிவப்பு, கறுப்பு முனைகள் கொண்ட ஸ்பீக்கர் பிளேட் கடைகளில் கிடைக்கிறது.

பைப் போடும்போது

வேலை நடக்கும் வரிசையைப் பார்க்கலாம்.

1. பூச்சுக்கு முன் காடி வெட்டி, ஒவ்வொரு ஸ்பீக்கர் இடத்திலிருந்தும் ஆம்ப்ளிஃபயர் இடத்திற்கு 1 அங்குல பி.வி.சி. பைப் பதிக்கவும். சப் வூஃபருக்கும் ஒரு பைப் தனியே விடவும். கம்ப்யூட்டர் மேஜையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குச் செல்லும் பைப் மட்டும் ஒன்றரை அங்குலம் இருக்கட்டும். எச்.டி.எம்.ஐ. கேபிளின் தலை பெரியது.

2. வளைவுகளில் குறுகிய எல்போ வேண்டாம். நீண்ட பெண்ட் பயன்படுத்தவும். எல்போவில் வயர் சிக்கும்.

3. பைப்பின் வாயைக் காகிதத்தாலோ துணியாலோ அடைக்கவும். இல்லையென்றால் பூச்சுக் கலவை உள்ளே போய் இறுகிவிடும். உள்ளே ஒரு நைலான் கயிற்றை விட்டு வைக்கவும். வயர் இழுக்க உதவும்.

4. பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரிலும் டேப்பைப் பிடித்து அளவு தெரியும்படி மொபைலில் போட்டோ எடுக்கவும். போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் 'வீட்டு வயரிங்' என்று ஒரு போல்டர் உருவாக்கிப் பதியவும். பென் டிரைவிலும் ஒரு காப்பி எடுக்கவும். பின்னாளில் ஆணி அடிக்கும் முன் இதைப் பார்த்துக் கொள்ளலாம்.

5. பூச்சு முடிந்து சுவர் காய்ந்த பிறகு வயரை இழுக்கவும். சுவருக்குள் எங்கும் ஜாயின்ட் போடக் கூடாது. ஒரே துண்டாக இருக்க வேண்டும்.

6. வண்ணம் அடித்து முடித்த பிறகே ஸ்பீக்கரைப் பொருத்தவும்.

கரண்ட் வயரும் பாட்டு வயரும்

என் இரண்டாவது தவறு இது. ஒரு பைப் மிச்சமாகும் என்று, கம்ப்யூட்டரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குச் செல்லும் ஆடியோ கேபிளை 230 வோல்ட் வயர் ஓடும் பைப்பிலேயே விடச் சொன்னேன். எலக்ட்ரீஷியன் தயங்கினார். "பரவாயில்லை, போடுங்க" என்று சொன்னதும் நான்தான். பாட்டு நின்ற இடங்களில் எல்லாம் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கேட்டது. நம் மின்சாரம் நொடிக்கு 100 முறை திசை மாறுவது. அதைத்தான் ஆடியோ கேபிள் பிடித்துக் கொண்டு ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தது.

ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வயர் இப்படி எளிதில் இரைச்சலைப் பிடிக்காது. ஆம்ப்ளிஃபயருக்கு உள்ளே வரும் கேபிளில் சிக்னல் சிறியது. அதில்தான் இந்தத் தொல்லை. ஆனால் இரண்டையுமே கரண்ட் பைப்பில் விடக் கூடாது. இரைச்சலைவிடப் பெரிய காரணம் பாதுகாப்பு. உள்ளே ஓர் இடத்தில் இன்சுலேஷன் உரிந்தால் 230 வோல்ட் உங்கள் கம்ப்யூட்டர் வரை வரும். தனிப் பைப், கரண்ட் பைப்பிலிருந்து ஓர் அடி இடைவெளி, குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் நேர் செங்குத்தாகக் கடப்பது ஆகிய மூன்றையும் பின்பற்றவும்.

தனிப் பைப்பில் விட்ட பிறகும் இரைச்சல் இருந்தால், லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் இணைப்பில் உள்ள கோளாறு என்று அறியலாம். கம்ப்யூட்டர், ஆம்ப்ளிஃபயர் இரண்டையும் ஒரே பிளக் போர்டில் இணைத்தால் பெரும்பாலும் குறையும். ஆப்டிகல் கேபிள் வசதி இருந்தால் அதில் ஒளியாகச் செல்வதால் இந்தத் தொல்லை இல்லை. எர்த் பின்னை ஒடித்துவிடச் சொல்பவர்களின் யோசனையைக் கேட்காதீர்கள். உயிருக்கு ஆபத்து.

இணைக்கும் முன் சோதனை

சுவரில் பதிக்கும் ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே ஆம்ப்ளிஃபயர் கிடையாது. கம்ப்யூட்டரின் ஹெட்போன் ஜாக்கில் நேரடியாக இணைத்தால் வேலை செய்யாது. இடையில் ஓர் ஆம்ப்ளிஃபயரோ ஏ.வி. ரிசீவரோ தேவை. இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களை ஒரே முனையில் இணையாக இணைத்தால் மொத்தம் 4 ஓம் ஆகும். ஆம்ப்ளிஃபயர் அதைத் தாங்குமா என்று பின்பக்கம் எழுதியிருப்பதைப் படித்துக் கொள்ளவும்.

ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு முனை ஸ்பீக்கரின் சிவப்புக்கும், கறுப்பு கறுப்புக்கும் போக வேண்டும். ஸ்பீக்கர் வயரில் ஒரு பக்கம் கோடு இருக்கும். அதை எல்லா இடத்திலும் சிவப்புக்கு என்று வைத்துக் கொள்ளவும். சரிபார்க்க ஒரு 1.5 வோல்ட் பேட்டரி போதும். ஆம்ப்ளிஃபயரில் இணைக்கும் முன், வயரின் இந்த முனையில் பேட்டரியின் பிளஸ்ஸைச் சிவப்புக்கும் மைனஸைக் கறுப்புக்கும் ஒரு கண நேரம் தொடவும். 'டக்' என்று சத்தம் வந்து வூஃபரின் கூம்பு வெளியே தள்ளினால் சரி. உள்ளே இழுத்தால் வயர் மாறியிருக்கிறது. ஒரு ஸ்பீக்கர் மட்டும் மாறினால் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக அசைந்து பாஸ் ஒலி காணாமல் போகும்.

விண்டோஸில் செய்ய வேண்டியவை

கண்ட்ரோல் பேனலில் 'ஹார்ட்வேர் அண்ட் சவுண்ட்' சென்று 'சவுண்ட்' என்பதைக் கிளிக் செய்திடவும். 'பிளேபேக்' டேபில் உங்கள் ஆம்ப்ளிஃபயர் இணைந்துள்ள சாதனத்தைத் தேர்ந்தெடுத்து 'கன்ஃபிகர்' பட்டனை அழுத்தவும். இப்போது ஸ்டீரியோவா, 5.1-ஆ என்று கேட்கும். உண்மையில் எத்தனை ஸ்பீக்கர் இருக்கிறதோ அதையே தேர்ந்தெடுக்கவும். 'டெஸ்ட்' அழுத்தினால் ஒவ்வொரு ஸ்பீக்கராக ஒலிக்கும். இடது என்று காட்டும்போது வலது ஒலித்தால் வயரை மாற்றிப் போட்டுள்ளீர்கள்.

"படத்தில் இசை கேட்கிறது, வசனம் கேட்கவில்லை" என்று பலர் குறைப்படுவார்கள். இரண்டே ஸ்பீக்கர்கள் இருக்கும் வீட்டில் 5.1 என்று செட் செய்திருப்பது இதற்கு ஒரு காரணம். வசனம் இல்லாத சென்டர் ஸ்பீக்கருக்குப் போய்க் கொண்டிருக்கும். ஸ்டீரியோ என மாற்றினால் சரியாகிவிடும்.

அப்பாவின் டிரான்சிஸ்டர்

அப்பா பஸ் டிப்போவில் 30 ஆண்டுகள் மெக்கானிக்காக வேலை பார்த்தவர். எஞ்சின் சத்தத்தில் இடது காது மங்கிவிட்டது. புது வீட்டில் பாட்டுப் போடும்போதெல்லாம் "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்பேன். "நல்லாத்தான்டா இருக்கு" என்பார். ஆனால் நான் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, பழைய டிரான்சிஸ்டரை நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டுக் கொண்டிருந்திருக்கிறார். ஆறு மாதம் கழித்து அம்மாதான் சொன்னார்: "அவருக்குப் பாட்டு பாதிதான் கேக்குதாம்டா. உன்கிட்ட சொன்னா நீ வருத்தப்படுவேன்னு சொல்லாம இருந்தார்."

அவர் சொன்னது கணக்கும் கூட. இடது தடத்தில் உள்ள வாத்தியங்கள் 12 அடி தாண்டி மெலிந்து வந்தன. அவருக்கு உண்மையிலேயே பாதிப் பாட்டுதான் கேட்டது.

சுவரை உடைக்க மனமில்லை. விண்டோஸ் செட்டிங்ஸில் 'ஆக்சஸிபிலிட்டி' பிரிவில் 'ஆடியோ' சென்று 'மோனோ ஆடியோ' என்பதை ஆன் செய்தேன். இதனால் இரண்டு தடங்களும் ஒன்றாகச் சேர்ந்து இரண்டு ஸ்பீக்கர்களிலும் வரும். ஒரு காது மட்டும் நன்றாகக் கேட்பவர்களுக்கென்றே உள்ள வசதி இது. ஹெட்போனிலும் பயன்படும். ஆடியோ கேபிளைக் கரண்ட் பைப்பிலிருந்து உருவி, சுவரின் மேல் கேசிங் பட்டியில் கொண்டு போனேன். பார்வைக்கு அழகில்லை. இரைச்சல் நின்றுவிட்டது.

அன்று மாலை ஒரு பழைய பாட்டைப் போட்டேன். பாதியில் அப்பா நிமிர்ந்து, "இதுல வயலின் இருந்துச்சாடா?" என்றார்.

டிரான்சிஸ்டர் இப்போதும் அவர் பக்கத்தில்தான் இருக்கிறது. காலைச் செய்திக்கு மட்டும். நீங்கள் வீடு கட்டுகிறவராக இருந்தால், மேஸ்திரி பூச்சு வேலையைத் தொடங்கும் முன் ஒரு நாள் மாலை வீட்டில் உள்ள எல்லோரையும் அழைத்துப் போய், அவரவர் உட்காரப் போகும் இடத்தில் உட்கார வையுங்கள். அதன் பிறகு டேப்பை எடுங்கள்.